அந்தத் தட்டின் இரண்டாம் பக்கம்

டோக்கன் அக்காவுக்கு மூன்று மாதமாக வாய்ப்பூட்டு. போட்டது வேறு யாருமில்லை, கட்டிய புருஷன்தான்.

"வீட்டுக்கு யார் வந்தாலும் சிரி, தலையாட்டு, டீயைக் குடு, உள்ள போயிடு. வாயை மட்டும் திறக்காத" என்று சொல்லி வைத்திருந்தார். பேசிப் பிழைக்கிறவளிடம் போய் இப்படிச் சொன்னால்? ஒரு பெரிய கிளினிக்கின் வாசல் கவுண்டரில் உட்கார்ந்து, "பதினேழு, மூணாம் நம்பர் ரூமுக்குப் போங்க, பதினெட்டு, ரெடியா இருங்க" என்று மைக்கில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பதுதான் அவள் வேலை. சொந்தப் பெயர் அங்கே யாருக்கும் ஞாபகமில்லை. தரை துடைக்கிறவரிலிருந்து தலைமை மருத்துவர் வரை எல்லோருக்கும் அவள் டோக்கன் அக்காதான்.

புருஷனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: தட்டு டாக்டர். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது தொழில். உயிர் மட்டும் பழைய இசைத்தட்டுகளில். சாஸ்திரிய சங்கீதப் பித்துப் பிடித்த அறுபது பேர் போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். யார் வீட்டுப் பரணில் எந்தப் பழைய தட்டு அகப்பட்டாலும் அது இவர் கைக்குத்தான் வரும். கழுவி, கம்ப்யூட்டரில் ஏற்றி, இரைச்சலை அடக்கி, குழுவுக்கு அனுப்புவார். அறுபது பேரும் அதைச் சேர்த்து வைத்துக்கொண்டு, சாப்பாட்டை மறந்து கேட்பார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு தட்டைக்கூட அவர் கெடுத்ததில்லை என்று பெயர். அந்தப் பெயர் ஒன்றுதான் மனுஷனுக்குச் சொத்து.

அது போனது ஒரு சனிக்கிழமை மத்தியானம்.

வெளியூரிலிருந்து வயதான ஒரு அம்மா ஒற்றைத் தட்டு ஒன்றை மரப்பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தார். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் அச்சடித்ததல்ல. அந்தக் காலத்தில் சில கடைகளில் உள்ளே போய்ப் பாடினால் அங்கேயே தட்டில் வெட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள். உலகத்திலேயே அது ஒன்றுதான் இருக்கும். உலோகத் தகட்டின் மேல் கறுப்புப் பூச்சு, அந்தப் பூச்சில்தான் பாட்டு. உறையின் மேல் பென்சிலால் ஒரு ராகத்தின் பெயர். கூடவே ஒரு கடிதம்: "என் அம்மா பாடியது. மேடையில் நாலு வருஷம் பாடினார்களாம், பெரிய பேராம். எனக்கு ஐந்து வயதாகும்போது இறந்துவிட்டார்கள். இதைப் போட்டுக் கேட்க என்னிடம் மெஷின் இல்லை. எனக்கு எழுபத்திரண்டு வயது ஆகிறது."

கடிதத்தில் அம்மாவின் பெயரைப் பார்த்ததும் தட்டு டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். ஆகா ஓகோ என்று பழைய ஆட்கள் சொல்லிக் கேட்டிருக்கிறாரே தவிர, அந்தப் பாடகியின் குரலைக் கேட்டவர் குழுவில் ஒருவரும் இல்லை. தட்டின் மேல் மாவு பூத்தாற்போல வெள்ளைப் படலம். அதோடு ஊசியை வைத்தால் பாட்டை உழுதுவிடும். முதலில் கழுவ வேண்டும். அவரிடம் தட்டைச் செங்குத்தாக நிறுத்திச் சுழற்றி இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் கழுவும் தொட்டி ஒன்று இருக்கிறது, அவரே செய்தது. காலையில் அதில் பிளாஸ்டிக்கில் அச்சடித்த பத்து எல்.பி. தட்டுகளைக் கழுவியிருந்தார். எல்.பி.க்குத் தண்ணீரோடு ஸ்பிரிட் கலப்பது வழக்கம், அதற்கு ஒன்றும் ஆகாது. இந்தக் கறுப்புப் பூச்சுக்கோ ஸ்பிரிட் எமன். சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்று குழுவில் அடிக்கடி பாடம் எடுக்கிறவரே அவர்தான்! அப்பேர்ப்பட்டவர் அவசரத்தில் தொட்டித் தண்ணீரை மாற்ற மறந்தார்.

குளியலறையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு டோக்கன் அக்கா ஓடினாள். தொட்டித் தண்ணீர் மை கொட்டியது போல இருந்தது. அவர் கையில் ஒரு வெறும் தகடு பளபளத்தது.

"போச்சு" என்றார்.

அன்றே அந்த அம்மாவுக்குப் போன் போட்டு, தப்பு நடந்துபோச்சு, மன்னிச்சுக்குங்க என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். டோக்கன் அக்காவும் அதைத்தான் சொன்னாள். அவர் கேட்டால்தானே! இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, கடைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் காலை அவள் முன்னால் வந்து நின்றார்.

"நீ பதினோரு வருஷம் கத்துக்கிட்டவதானே. அந்த ராகத்தை மூணு நிமிஷம் பாடேன். சும்மா ஆலாபனை போதும், வார்த்தையே வேண்டாம்."

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். அவர் அவளைப் பாடச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் ஏன் பாடினாள் என்று கேட்டால், புருஷன் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை என்பது ஒரு பாதி. யாராவது கேட்க மாட்டார்களா என்று இத்தனை வருஷம் தொண்டைக்குள் கிடந்தது மறுபாதி. ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாடினாள். அவர் அந்தக் குரலின் மெல்லிய உச்ச ஒலியையும் கனத்த அடி ஒலியையும் நறுக்கி, வேறொரு தட்டின் வெற்றுப் பள்ளத்திலிருந்து எடுத்த கரகரப்பை மேலே தூவி, இரண்டு இடத்தில் ஊசி துள்ள வைத்து, அந்த அம்மாவுக்கு அனுப்பினார். குழுவுக்கும் அனுப்பினார். தட்டைப் பற்றி மட்டும், "பூச்சு உரியுது, இனி அசைக்கக் கூடாது. என்கிட்டயே பத்திரமா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான், குழு தலைகால் புரியாமல் ஆடியது. ஒருவர் அழுதேன் என்றார். ஒருவர், இந்தக் குரல் இனிப் பிறக்கப்போவதில்லை என்று எழுதினார். இனிப் பிறக்காத அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி அப்போது கரி பிடித்த பாத்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எதற்கு ஒளிக்க வேண்டும், அவளுக்கு உள்ளூரக் குளிர்ந்துதான் போயிருந்தது. அவர் போனை வைத்துவிட்டுக் குளிக்கப் போகிற நேரமெல்லாம் எடுத்து எடுத்துப் படித்தாள்.

அந்த அம்மாவிடமிருந்தும் செய்தி வந்தது. "காலை, மதியம், இரவு, மூன்று வேளையும் மருந்து மாதிரி கேட்கிறேன். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்." அதைப் படித்த நாளோடு அவள் அந்தப் போனை எடுப்பதை விட்டாள்.

அடுத்து அவளைப் பயமுறுத்தியவர் குழுவிலிருந்த கீறல் சார். ரயில்வேயில் இருந்தவர். நின்றிருக்கும் ரயிலின் ஒவ்வொரு சக்கரத்தையும் சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே விரிசலைக் கண்டுபிடிக்கிற வேலை. முப்பத்து நாலு வருஷம் அதே வேலை பார்த்த காது அது. குழுவில் எந்தப் பதிவு வந்தாலும் எத்தனையாவது நொடியில் கீறல் என்று சொல்லிவிடுவார், அதனால்தான் அந்தப் பெயர். ஒரு செவ்வாய்க்கிழமை மூட்டு வலி என்று கிளினிக்குக்கு வந்தார். அவர் கையில் முப்பத்தொன்று.

டோக்கன் அக்கா அவரைப் பார்த்துவிட்டாள். முப்பது வரை எப்படியோ கூப்பிட்டாள். பிறகு தொண்டையைச் செருமி, குரலைக் கொஞ்சம் கட்டையாக்கி, "முப்பத்தொண்ணு" என்றாள். அவர் எழுந்திருக்கவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சற்றே சாய்த்து, அப்படியே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் முறை கூப்பிட்டபோது வார்டு பையன் போய் அவர் தோளைத் தட்டினான்.

"என்ன சார், காது கேக்கலையா?"

"நல்லா கேட்டுச்சுப்பா. அதனாலதான் உட்கார்ந்திருக்கேன்" என்றார்.

எழுந்து போகும்போது கவுண்டர் பக்கம் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அவள் வீட்டுக்கு வந்து சொன்னபோது தட்டு டாக்டர் எரிந்து விழுந்தார். "மூட்டு வலிக்கு வந்த மனுஷன் சிரிச்சா அதுக்கும் நான்தான் காரணமா?" ஆனால் அன்று ராத்திரி அவரும் புரண்டு புரண்டுதான் படுத்தார்.

அந்த நிலைமையில்தான் அந்த அம்மாவே புறப்பட்டு வருகிறார் என்று தகவல் வந்தது. குழுவில் யாரோ ஆர்வக்கோளாறில் அழைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத் தட்டு டாக்டர் வீட்டில் எல்லோரும் கூடி, மகளை நடுவில் உட்கார வைத்து, தாயின் குரலைக் கேட்பதாம். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் அகப்படவில்லை.

அன்று மூன்றாம் மாடியிலிருந்த அந்தச் சின்ன ஹாலில் பதினெட்டுப் பேர். நாற்காலி போதாமல் பாதிப் பேர் தரையில். அந்த அம்மா ஒல்லியான தேகம், காதில் கேட்கும் கருவி இல்லை, கண்ணில் தடித்த கண்ணாடி. மூன்று மாடி ஏறிய மூச்சு வாங்கலோடு டோக்கன் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீதான் டாக்டர் சம்சாரமா? உன் வீட்டுக்காரர் எனக்குப் பண்ணது சாதாரண உதவி இல்லம்மா. எங்கம்மாவையே திருப்பிக் குடுத்திருக்காரு."

டோக்கன் அக்கா சிரித்தாள். தலையாட்டினாள்.

"ஏம்மா, பேச மாட்டியா?"

"அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்று தட்டு டாக்டர் குறுக்கே பாய்ந்தார். "ரெண்டு நாளா வார்த்தையே வரல."

"அடடா, வெந்நீர் குடிக்கச் சொல்லுங்க. தொண்டைய அஜாக்கிரதையா விடக்கூடாது" என்றார் மூலையில் இருந்த கீறல் சார். "அதுவும் இவங்க தொண்டைய."

யாரும் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. அவள் சமையலறைக்குள் போய்க் கதவோரம் நின்றுகொண்டாள்.

பாட்டு ஓடியது. மூன்றே நிமிஷம். தன் குரலையே பதினெட்டுப் பேர் கண்ணை மூடிக் கேட்பதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். ஊசி துள்ளும் இடத்தில் எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள், பாவம். அந்த அம்மா மட்டும் கண்ணை மூடவில்லை. ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குழந்தை ஜன்னலில் யாருக்காகவோ காத்திருக்குமே, அந்த மாதிரி. பாட்டு முடிந்தது. அந்த அம்மாவே ஆரம்பித்தார்.

"இத்தனை தூரம் நான் வந்தது இதுக்காக மட்டும் இல்லங்க டாக்டர். இன்னொண்ணு கேட்கணும். போன்ல கேட்க மனசு வரல."

"சொல்லுங்கம்மா."

"எங்க சித்தி ஒருத்தங்க தொண்ணூத்தஞ்சு வயசு வரைக்கும் இருந்தாங்க. போன மாசம்தான் போனாங்க. கடைசியா நான் அவங்களப் பார்க்கப் போனப்போ, காது மந்தமானாலும் இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். அப்பதான் சொன்னாங்க. அம்மா அந்தக் கடைக்குப் போனது ஆஸ்பத்திரியில சேர்றதுக்கு முந்தின நாளாம். பாடி முடிச்சதும் கடைக்காரர், பின்பக்கம் சும்மாதான் இருக்கு, ஏதாவது பேசுறீங்களான்னு கேட்டாராம். அம்மா சித்தியை வெளிய நிக்கச் சொல்லிட்டு என்கிட்ட பேசினாங்களாம். நான் பெரியவளானதும் கேட்கட்டும்னு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குப் பெரியவளாகி ரொம்ப நாளாச்சு. அந்தப் பக்கத்தையும் எடுத்துக் குடுத்துட்டீங்கன்னா போதும். வியாழக்கிழமை எனக்கு இருதய ஆபரேஷன். அதுக்கு முன்னால ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடுறேன்."

டோக்கன் அக்காவுக்குத் தொட்டியின் கறுப்புத் தண்ணீர் கண்ணுக்குள் வந்தது. அதைக் குளியலறைச் சாக்கடையில் கவிழ்த்தவள் அவள். பக்கெட்டுத் தண்ணீர் ஊற்றி, கறை போகத் தேய்த்து விட்டவளும் அவள்தான்.

இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். மனுஷனாகப் பிறந்தவன் இதற்கு மேலுமா மறைப்பான்! தட்டு டாக்டருக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

"இருக்கு" என்றார். "பின்பக்கம் இருக்கு. அழுக்கு ஜாஸ்தி. அதான் இன்னும் தொடல. செவ்வாய்க்கிழமைக்குள்ள அனுப்பிடுறேன்."

கூட்டம் கை தட்டியது. கீறல் சார் மட்டும் தட்டவில்லை. சமையலறைக் கதவைப் பார்த்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "கவலைப்படாதீங்கம்மா. நம்ம டாக்டர் வீட்ல வராத குரலே கிடையாது." அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்தும் வாயைத் திறக்க மாட்டார் என்பதும் அந்த ஒரு பார்வையில் அவளுக்குப் புரிந்துபோயிற்று. அவருக்கு உண்மை எதற்கு? இன்னொரு பதிவு வேண்டும், அவ்வளவுதான்.

ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடைசியாக எழுந்த அந்த அம்மாவிடம் தட்டு டாக்டர், போகிற போக்கில் கேட்பது போல, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஒண்ணு கேட்கலாமாம்மா? தேய்ஞ்ச பதிவுல வார்த்தை சரியா விழாது. முன்னாடியே தெரிஞ்சிருந்தா பிரிச்சு எடுக்கச் சுலபமா இருக்கும். அம்மா உங்களை வீட்ல என்னன்னு கூப்பிடுவாங்க?"

அந்த அம்மாவின் முகம் அப்படியே மலர்ந்தது.

"தும்பின்னு கூப்பிடுவாங்க. ஒரு இடத்துல நிக்க மாட்டேனாம்."

"தும்பி" என்று அவர் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு திரும்பி மனைவியைப் பார்த்தார். பதினெட்டு வருஷமாகப் பார்த்த முகம்தான். இந்தப் பார்வையை அவள் பார்த்ததில்லை. அடுத்து என்ன செய்யப்போகிறாள் என்று கேட்கிற பார்வையாகக்கூட அது இல்லை. பாடுவாள் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட பார்வை. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அதைவிடப் பயங்கரம், தும்பி என்பதை எப்படி இழுத்துக் கூப்பிட்டால் ஒரு தாய் கூப்பிடுவது போல இருக்கும் என்று அவள் மனசு அதற்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்ததுதான். சீ என்று தன்னையே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

படியில் அந்த அம்மாவின் செருப்புச் சத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. டோக்கன் அக்கா கையிலிருந்த டீ டம்ளர்களை அப்படியே தரையில் வைத்துவிட்டு ஓடினாள். "எங்க போற?" என்று பின்னால் அவர் கேட்டது காதில் விழுந்தது. நிற்கவில்லை.

"அம்மா, கொஞ்சம் நில்லுங்க!"

முதல் மாடித் திருப்பத்தில் அந்த அம்மா நின்றார். சட்டென்று திரும்பவில்லை. கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடியே நின்றார்.

"இன்னொரு தடவை கூப்பிடு" என்றார்.

"அம்மா..."

"அந்தக் குரல்" என்றார். பிறகு மெதுவாகத் திரும்பி மேலே பார்த்தார். "தொண்டை கட்டலையா உனக்கு?"

"இல்லைங்க. பாடினது நான். அந்தத் தட்டைக் கழுவும்போது தப்பு நடந்துபோச்சு. பூச்சு கரைஞ்சிடுச்சு. அவருக்கு உங்ககிட்ட சொல்லத் தைரியம் இல்ல. நான் பாடிக் குடுத்தேன். மன்னிச்சுடுங்கன்னு கேட்கக்கூட எனக்கு வாய் இல்ல."

அந்த அம்மா அழவில்லை, கத்தவுமில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். டோக்கன் அக்கா இறங்கிப் போய் இரண்டு படி மேலேயே நின்றாள். பக்கத்தில் போகக் கால் வரவில்லை. ஏதோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

"எனக்குக் கொஞ்சம் ஞாபகம் இருந்துச்சு" என்றார் அந்த அம்மா, தன் கையைப் பார்த்துக்கொண்டே. "அஞ்சு வயசுதான். ஆனாலும் இருந்துச்சு. அம்மா குரல் இவ்வளவு மெலிசு இல்ல. கொஞ்சம் அடைச்ச மாதிரி, சளி பிடிச்ச மாதிரி இருக்கும். நீங்க அனுப்பினதை முதல்ல கேட்டப்போ, இது யாரோன்னுதான் தோணிச்சு. அப்புறம், நமக்குத்தான் வயசாயிடுச்சு, நாமதான் தப்பா ஞாபகம் வெச்சிருக்கோம், தட்டு பொய் சொல்லுமான்னு என்னையே திட்டிக்கிட்டேன். மூணு வேளையும் கேட்டேன். கேட்டுக் கேட்டு, பழசை அழிச்சு, இதுதான் அம்மான்னு மனசைப் பழக்கிட்டேன்."

"அம்மா, நான் வேணும்னே..."

"இப்ப நெனச்சுப் பார்க்கிறேன். நீதான் வர்ற. அம்மா முகத்தை நெனச்சாலும் உன் குரல்லதான் பேசுறாங்க."

"நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க. எதுன்னாலும் செய்றேன்."

அந்த அம்மா கையைத் தூக்கித் தடுத்தார்.

"பேசாத. நீ பேசப் பேச இருக்கிற கொஞ்சமும் போயிடும். சித்த நேரம் பேசாம இரு."

சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. தும்பி என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டி, இல்லை என்று விட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். டோக்கன் அக்கா மூச்சுச் சத்தம்கூட வராமல், கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.